கூலி வேலைக்கு; ஈமானுக்கு விலை இல்லை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்ற நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. நம்மவர் பலர் இவ்வூர்களில் குடியிருக்கின்றனர். சிலர் கடை வைத்து நடத்துகின்றனர். சிலர் பிறருடைய நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர். நம் கடையில் வேலை செய்பவர் பெரும்பாலும் மாற்றுமதச் சகோதரர். நம் பிள்ளைகள் வேலை செய்யும் இடங்களின் உரிமையாளர்களும் பெரும்பாலும் மாற்றுமதத்தவரே. முதலாளி தம் மார்க்கத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தொழிலாளிக்கோ அந்த மார்க்கத்தில் நம்பிக்கை இல்லை. இவ்விருவரும் ஒருவருக்கொருவர் கடன்பட்டிருப்பது எதற்கு? இக்கேள்விக்கு விடை தேட, பல்லாவரத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வரலாற்றை முதலில் காண்போம்.

தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்று போற்றப்படும் மறைமலையடிகள் 1876ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் பிறந்தார். வேதாசலம் என்பது அவருடைய இயற்பெயர். சைவ சமயத்தில் அசைக்க முடியாத பற்றுக் கொண்டவர். அத்தகையவர் 1898ஆம் ஆண்டு தமிழாசிரியராகப் பணியேற்ற இடம் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1837இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. அந்நாளில் அது தாம்பரத்துக்கு வந்திருக்கவில்லை. ஜார்ஜ் டவுனில், பாரிமுனைக்கு அருகே இருந்தது. அதன் முதல்வர் வில்லியம் மில்லர் ஒரு பாதிரியார். கிறித்தவக் கருத்துகளை இந்நாட்டில் பரப்புவதற்கே தம் வாழ்வை அர்ப்பணித்தவர்.

வேதாசலத்தை நேர்காணல் செய்தவர் அக்கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். பரிதிமாற் கலைஞர் என்று நாம் அறிந்திருப்பவர் அவரே. அவரும் கிறித்தவர் அல்லர். குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டு ஒன்று கூறுமாறு அவர் கேட்க, “அஃது எனக்குத் தெரியாது” என்று இளைஞர் விடையிறுத்தாராம். அந்த மூன்று சொற்களும் குற்றியலுகரத்தில் முடிவதைக் கண்டுகொண்ட சாஸ்திரியார், உடனே அவரைத் தேர்ந்தெடுத்தார் என்று தமிழாசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். அந்நேர்காணலில் சோதிக்கப்பட்டது அவருடைய இலக்கணப் புலமை. அவருடைய சமயம் அன்று.

பதின்மூன்று ஆண்டுகள் அவர் அங்கே பணியாற்றினார். அக்காலத்திலேயே, 1905இல், சைவ சித்தாந்த மகா சமாஜத்தைத் தோற்றுவித்தார். அதாவது, கிறித்தவ ஊழியத்துக்கென்று நிறுவப்பட்ட கல்லூரியில் ஊதியம் பெற்றுக்கொண்டே தம் சமயத்துக்கென ஓர் அமைப்பை வெளிப்படையாகக் கட்டினார். அதற்காக அவர் தம் பணியில் குறை வைக்கவுமில்லை. முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் அவர் எழுதிய ஆராய்ச்சியுரைகள் அந்த ஆசிரியப் பணிக்காலத்தில் விளைந்தவை. 1911இல் அவர் கல்லூரியை விட்டு விலகியதற்கும் சமயப் பூசல் காரணமாகச் சொல்லப்படுவதில்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாமற்போனதே காரணமாகக் கூறப்படுகிறது. அதே ஆண்டில் பல்லாவரத்தில் குடியேறித் துறவு பூண்ட அவர், 1950இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

இதைக் கொண்டு அக்கல்லூரியை ஒரேயடியாகப் புகழ வேண்டுவதில்லை. மாணவர்களுக்கு அங்கே விவிலிய வகுப்பு நடந்தது. பிற சமயங்கள் மீது கடுமையான விமர்சனமும் எழுந்தது. அங்கே பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், மிஷனரிகளின் விமர்சனம் தம்மை உலுக்கியதாலேயே தம் சமயத் தத்துவத்தை ஆழ்ந்து கற்கத் தொடங்கியதாகப் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி அவர் எழுதிய ஆய்வுரையைப் பாராட்டியவர், அதே கல்லூரியின் தத்துவப் பேராசிரியரான ஏ. ஜி. ஹாக் என்னும் மிஷனரி.

1937இல் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உலக மிஷனரிகளின் பெரும் மாநாடு அவ்வளாகத்திலேயே கூடியது. பிற சமயத்தவரைக் கிறித்தவர் எவ்வாறு நோக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விவாதங்களுள் ஒன்று. கிறித்தவச் செய்திக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சியே இல்லை என்று டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் வாதிட்டார். பிற சமயத்தவரிடமும் உண்மையான இறைப்பற்று இருக்கக் காண்கிறோம் என்று ஹாக் மறுமொழி கூறினார். இந்து மாணவர்களோடும் உடன் பணியாற்றியவர்களோடும் பல்லாண்டுகள் பழகிய அனுபவம் அவருடைய சொற்களுக்குப் பின்னே இருந்தது.

இவற்றைப் படிக்கும்போது நம் மார்க்கத்தின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். குறைஷிகளின் மதத்தில் இருந்தவர். அவ்விருவரையும் பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என்று குறைஷிகள் அறிவித்திருந்தனர். ஸவ்ர் குகை இருக்கும் இடமும் போகும் பாதையும் அந்த வழிகாட்டிக்குத் தெரியும். எனினும் அவரை நம்பித் தங்கள் ஒட்டகங்களை முன்கூட்டியே ஒப்படைத்தார்கள்; அவரும் சொன்னபடி மூன்று இரவுகளுக்குப் பின் வந்து சேர்ந்தார். பாதை அறிந்தவரா, நம்பகமானவரா என்று பார்த்தார்கள். வேலைக்கு முன் கலிமாச் சொல்லுமாறு கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. கப்பாப் (ரலி) அவர்கள் மக்காவில் கொல்லர். ஆஸ் பின் வாயில் என்ற குறைஷித் தலைவனுக்கு வேலை செய்து கொடுத்துவிட்டுக் கூலி கேட்கச் சென்றார்கள். முஹம்மதை மறுத்தாலன்றிக் கூலி தரமாட்டேன் என்று அவன் கூறினான். நீ இறந்து மீண்டும் எழுப்பப்பட்டாலும் மறுக்கமாட்டேன் என்ற கருத்தில் கப்பாப் (ரலி) விடையளித்தார்கள். அப்படி எழுப்பப்பட்டால் எனக்குச் செல்வமும் பிள்ளைகளும் இருக்கும், அப்போது தருகிறேன் என்று அவன் ஏளனம் செய்தான். அவனைக் கண்டித்து இறங்கியவையே மர்யம் அத்தியாயத்தின் 77 முதல் 80 வரையிலான வசனங்கள்.

பிறருடைய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு நம்பிக்கையை மாற்றச் சொல்பவன் குர்ஆனில் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதை நம்முள் முதலாளியாக இருக்கும் ஒவ்வொருவரும் நினைவிற்கொள்ள வேண்டும். நாம் ஆஸைப் போல வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆயினும் சிறு சிறு செயல்களால் அதே வாசலுக்கு வந்துவிடக்கூடும். ஜும்ஆவுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு, அந்த நேரத்துக்கு ஊழியரின் சம்பளத்தைப் பிடிப்பது அநீதி. ரமலானில் மாற்றுமத ஊழியர் மதிய உணவை ஒளிந்து உண்ண நேர்ந்தால், அந்தச் சங்கடத்துக்குப் பொறுப்பு நாமே. காலையில் கடை திறக்கும்போது துஆ ஓதுவது நமக்கு பரக்கத். அதில் கைகளை ஏந்தி நிற்குமாறு அவரைக் கட்டாயப்படுத்துவது மார்க்கம் ஆகாது.

‘அழைப்புப் பணி நம் கடமையாயிற்றே’ என்று சிலர் கேட்பர். கடமைதான். எனினும் சம்பளம் தருபவர் பேசும்போது தொழிலாளியால் ‘வேண்டாம்’ என்று சொல்ல இயலாது, தலையசைப்பார். வீட்டில் வாடகை நிற்கிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்கிறது என்ற அச்சத்தில் அசையும் தலையில் ஈமான் பிறப்பதில்லை. மார்க்கத்தில் வற்புறுத்தலை விலக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனம் கல்லாப்பெட்டிக்கு முன்னாலும் செல்லும். நம் பெயரைத் தாங்கியும் தொழுகையில் ஈடுபடாத ஊழியர் விஷயத்திலும் இதுவே நெறி. சகோதரராக அவருக்கு நல்லுரை கூறலாம். முதலாளியாக அவருடைய சம்பள உயர்வை அதனோடு முடிச்சுப் போடலாகாது. பயந்து தொழுபவரை உருவாக்கினால், நாம் வளர்ப்பது நயவஞ்சகமே.

தொழிலாளிக்கும் ஒரு கடன் உண்டு. மறைமலையடிகள் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை. அதே வேளையில் ஏற்ற பணிக்குத் துரோகமும் செய்யவில்லை. கிறித்தவ மருத்துவமனையிலோ, இந்துச் சகோதரரின் அலுவலகத்திலோ பணியாற்றும் நம் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டும். லுஹர் தொழுகைக்குப் பத்து நிமிடமும், பூஜையில் பங்கேற்காமல் விலகி நிற்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். அங்கே நாம் விரும்புவதை இங்கே நம் ஊழியருக்கு நாம் தருகிறோமா?

குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. இப்பகுதியின் தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் பலர் முதலாளிகளாக இருந்தனர்; அந்தத் தொட்டிகளில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் மாற்றுமதத்தவர். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதில், அந்த வியர்வை எந்த மதத்தவருடையது என்ற வினாவுக்கு இடமில்லை.

கையாலும் நாவாலும் நம்மிடம் உழைப்பவருக்குத் தீங்கு நேராமல் நம்மைக் காத்துக்கொள்ள அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.