மோந்தாஞின் மேசையில் நீலகிரி: பூஞ்சைக்குப் பெயரிடுதல் பற்றி

பெயர் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: ஃபுல்விஃபோமெஸ் நீல்கெரியென்சிஸ். அடிமரத்தில் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு விறகுபோல இறுகிக் கிடக்கும் மரக்காளான் இது. பெயரின் இரண்டாவது சொல்லில் இருப்பது லத்தீன் வால் ஒட்டிய நம் நீலகிரி. 1842இல் கமீய் மோந்தாஞ் இதற்கு வைத்த பெயர் பொலிபோரஸ் நீல்கெரியென்சிஸ். பின்னால் வந்தவர்கள் இதை ஃபெல்லினஸ் என்கிற பேரினத்துக்கு மாற்றினார்கள், அங்கிருந்து ஃபுல்விஃபோமெஸுக்கு. முதல் சொல் மாறிக்கொண்டேயிருக்க, இரண்டாவது சொல் மட்டும் 180 வருஷங்களுக்கு மேலாகக் கூடவே வருகிறது. விதி அப்படி. பேரினம் என்பது எது எதற்கு உறவு என்பது குறித்த ஒரு கருத்து; கருத்து மாறினால் சொல்லும் மாறும். சிற்றினப் பெயரோ முதலில் வைத்தவர் வைத்ததுதான். அவருடைய பெயரும் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்து பயணம் போகும். எத்தனை வாடகை வீடு மாறினாலும் தகப்பன் பெயர் மாறாத மாதிரி.

மோந்தாஞ் நெப்போலியனின் படையில் மருத்துவராக இருந்தவர். பிரெஞ்சில் அவர் பெயருக்கே 'மலை' என்றுதான் பொருள். மலை என்ற பெயர் கொண்டவர் பாரிஸில் மேசைமுன் உட்கார்ந்து நம் மலையின் காளான்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார். சேகரித்து, உலர்த்தி அவருக்குச் சேர்ப்பித்தவர் புதுச்சேரியில் பணியாற்றிய தாவரவியலாளர் சாமுவேல் பெரோத்தே. பாசி, மரப்பாசி, காளான் எல்லாவற்றையும் சேர்த்து 'நீலகிரிக் கிரிப்டோகாம்கள்' என்ற தலைப்பில் மோந்தாஞ் ஒரு பட்டியல் வெளியிட்டார். கிரிப்டோகாம் என்றால் மறைவாக மணம் புரிபவை. பூ இல்லாததால் இவற்றின் கல்யாணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று லின்னேயஸ் உண்டாக்கிய வகை அது. நம் இலக்கணத்தில் சொன்னால் களவு. அதே லின்னேயஸ் 1767இல் சில நுண்ணுயிர்களைப் புழுக்களின் வகுப்பில் 'கேயாஸ்' என்று ஒரு பேரினத்தில் போட்டு, அதில் ஒன்றுக்குப் பூஞ்சைக் கேயாஸ் என்றே பெயர் வைத்தார். வகைப்படுத்தலின் தந்தைக்கே கைவராத ஜாதி இது.

பெரோத்தேயை இத்தலாரில் யாரும் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் இத்தலாரின் இன்றைய நிலக்காட்சியில் அவருக்கும் ஒரு கை இருக்கிறது. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத கேத்தியில் அரசு நடத்திய பரிசோதனைப் பண்ணை 1836இல் கைவிடப்பட்டது. அந்த இடம் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநருடைய பயன்பாட்டுக்குக் கொடுக்கப்பட்டது. அங்கே களைக்குள் கிடந்த தேயிலைச் செடிகளைக் கண்டு தேற்றியவர் பெரோத்தேதான். ஆக, மலையின் பூஞ்சையைப் பாரிஸுக்கு அனுப்பிய கையும், மலையில் தேயிலையைக் காப்பாற்றிய கையும் ஒன்று. சேகரிப்பதும் நடுவதும் இரண்டு வேலைகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த இடத்தில் ஃபூக்கோவை இழுத்துவந்து, பெயரிடுதல் என்பது அதிகாரம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் கட்டுரை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. அவர் 1966இல் எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டு இயற்கை வரலாறு பார்வைக்கு எட்டியதை எப்படி அட்டவணையாக்கியது என்பது பற்றி. பூஞ்சையோ பார்வைக்கு எட்டாதது. மண்ணுக்குள்ளும் இலைக்குள்ளும் நூலாக ஓடுவதுதான் அதன் உடம்பு. நாம் காளான் என்று பார்ப்பது அது வித்து விடும் சில நாள் கோலம். அட்டவணை எங்கே தடுமாறுகிறது என்பதைப் பார்ப்பதுதான் நமக்குப் பிரயோசனம்.

மோந்தாஞ் நீலகிரிப் பட்டியலை வெளியிட்ட மூன்றாவது வருஷம், 1845இல், ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு வயல்கள் கருகின. கருகிய இலையில் இருந்த பூஞ்சைக்கு அவரே பெயர் வைத்தார்: போட்ரைட்டிஸ் இன்ஃபெஸ்டன்ஸ். அயர்லாந்தில் அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். (பூஞ்சை மட்டும் கொன்றதில்லை. அந்த வருஷங்களிலும் அயர்லாந்திலிருந்து தானியம் கப்பல் ஏறியது.) பூஞ்சை நோயின் விளைவல்ல, காரணமே அதுதான் என்று 1846இல் வாதாடியவர் இங்கிலாந்துப் பாதிரியார் பெர்க்லி. அதே பெர்க்லிதான் 1869இல், புரூம் என்பவரோடு சேர்ந்து, இலங்கையிலிருந்து வந்த காப்பி இலையின் துருவுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அதற்குப் பிறகு காப்பித் தோட்டங்கள் சரிந்து தேயிலை வந்ததும், நம் ஜனங்கள் காப்பிக் கூலிகளாய்ப் போய்த் தேயிலைக் கூலிகளாய் மாறியதும் தெரிந்த கதை. 1898இல் கியூ தோட்டத்தின் மாஸ்ஸி, அஸ்ஸாம் தேயிலைக் கொப்புளத்துக்கு எக்ஸோபசிடியம் வெக்ஸன்ஸ் என்று பெயரிட்டார்.

இந்தச் சொற்களைத் தமிழில் போட்டுப் பார்க்க வேண்டும். இன்ஃபெஸ்டன்ஸ்: தாக்குகிறது. வாஸ்டாட்ரிக்ஸ்: பாழாக்குகிறவள். பெண்பால்! வெக்ஸன்ஸ்: தொல்லை தருகிறது. யாருடைய முதலையும் கெடுக்காமல் சோலை மரத்தில் கிடந்த காளானுக்கு ஊர்ப்பெயர் கிடைத்தது. பயிரைத் தொட்டவற்றுக்குக் குற்றப்பத்திரிகை கிடைத்தது. எல்லாப் பெயர்களும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் 'தொல்லை' என்று ஒருவர் எழுதும்போது, யாருக்குத் தொல்லை என்ற கேள்விக்கான விடை பெயருக்குள்ளேயே இருக்கிறது. பெயரில் கண்டவருக்கு இடமுண்டு, பெயர் வைத்தவருக்கு இடமுண்டு, அனுப்பியவருக்குக்கூட மரியாதை நிமித்தம் இடமுண்டு. கூடை சுமந்து காட்டுக்குள் வழி காட்டியவருக்கு அந்த அமைப்பில் கட்டமே இல்லை. படுகர்கள் தங்கள் மலையை நாக்குபெட்டா என்கிறார்கள். லத்தீனுக்குப் போனது அந்தப் பெயரும் அல்ல.

சரி, நம்மவர்கள் பெயர் வைத்தால்? வைத்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன் (1924-2016) உலகம் மதித்த பூஞ்சையியலாளர். அவர் 1956இல் ஒரு பேரினத்துக்கு வக்ரபீஜா என்றும், 1958இல் இன்னொன்றுக்கு த்வயபீஜா என்றும் பெயரிட்டார். வளைந்த விதை, இரட்டை விதை. த்வயபீஜாவின் சிற்றினம் 'சுந்தரா'. அழகான பெயர்கள்தான். ஆனால் சென்னையில் உட்கார்ந்து லத்தீனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டபோது சமஸ்கிருதம்தான் உட்கார முடிந்தது. விதி தடுக்கவில்லை, எந்த மொழிச் சொல்லையும் லத்தீன் எழுத்தில் பெயராக்கலாம். நம்மிடம் சொல் இல்லாமலும் இல்லை. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் சமையல் மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைச் சொல்கிறார். வறுமையின் அளவுகோலாகப் பூஞ்சையை வைத்த மொழி இது. ஆம்பி ஆய்வகத்துக்குள் நுழையவில்லை.

வக்ரபீஜாவின் கதி தனிக்கதை. நெல்லின் தண்டழுகலுக்குக் காரணமான பூஞ்சையின் ஒரு பருவத்தைத்தான் அந்தப் பெயர் குறித்தது. அதே பருவத்துக்கு ஜப்பானில் ஹாரா 1939இலேயே நகாடயா என்று வைத்துவிட்டார். முந்தியவர் பெயரே நிற்கும் என்பதால் வக்ரபீஜா விழுந்தது. அந்தப் பூஞ்சைக்கோ கடுகுபோல் உருண்டு கிடக்கும் நிலையில் ஒரு பெயர், பாலின்றி வித்து விடும்போது ஒரு பெயர், பாலுறவில் பிறக்கும்போது ஒரு பெயர் என்று மூன்று இருந்தன. ஒரே உயிருக்குப் பருவத்துக்கொரு பெயர் என்ற இந்த ஏற்பாட்டை 2011இல் மெல்போர்ன் மாநாடு ரத்து செய்து, ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்றது. 2013இல் மூன்றும் நகாடயா ஒரைசே என்று ஒன்றாயின. அதே மாநாடுதான் லத்தீன் விவரணை கட்டாயம் என்பதையும் நீக்கியது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். லத்தீன் அல்லது ஆங்கிலம், அவ்வளவுதான். 'தாவரவியல் பெயரிடல் விதி' என்றிருந்த நூலின் தலைப்பும் மாறி, பாசி, பூஞ்சை, தாவரம் என்று மூன்றையும் தனித்தனியே சொன்னது. பூஞ்சை செடி அல்ல, தனி உலகம் என்று விட்டேக்கர் வகுத்தது 1969இல். தலைப்புக்கு வர 42 வருஷம்.

இதெல்லாம் பண்டிதச் சண்டை, நமக்கென்ன என்று கேட்பவர்களை இத்தலார் பக்கம் ஒரு மழைக்காலத்தில் கூட்டிப்போக விரும்புகிறேன். கொப்புள நோய் தென்னிந்தியாவுக்கு வந்தது 1946இல். கொழுந்தில்தான் பிடிக்கும், பறிக்கிற இலையே அதுதான். முதலில் எண்ணெய் சொட்டியது போல ஒரு புள்ளி. பிறகு இலையின் மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைக்கும். ஈரமும் மூட்டமும் நீடித்தால் மூன்று நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். பச்சைத் தேயிலைக்கு விலையில்லாத நாளில் மருந்துச் செலவும் கூலியும் சேரும்போது, 'தொல்லை' என்ற மாஸ்ஸியின் சொல் தோட்ட முதலாளியிடமிருந்து கைமாறி, ஒன்றிரண்டு ஏக்கர்காரரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

"கொப்புளத்துக்கு அடிக்கறதைத்தாங்க கிழங்குக்கும் அடிச்சேன், கேக்கலீங்க" என்றார் ஒரு சிறு விவசாயி. இரண்டுக்கும் கடையில் கேட்டது 'பூஞ்சாண மருந்து'. அவர் குழம்பவில்லை, பெயர்தான் அவரைக் குழப்பியது. மோந்தாஞ் பெயர் வைத்த அந்த உருளைக்கிழங்குப் பூஞ்சையை 1876இல் டி பாரி ஃபைட்டோஃப்தோரா என்கிற பேரினத்துக்கு மாற்றினார். இன்று அது பூஞ்சையே அல்ல. அதன் செல்சுவர் கைட்டினால் ஆனதல்ல, முக்கியமாக செல்லுலோஸும் அதை ஒத்த சர்க்கரைப் பொருள்களும். உறவுமுறையில் கடலின் பழுப்புப் பாசிக்குப் பக்கத்தில் வருகிறது. இது அலமாரியில் இடம் மாற்றும் விவகாரம் மட்டுமல்ல. தேயிலைக் கொப்புளத்துக்கு அடிக்கும் ஹெக்சகோனசோல், பூஞ்சை தனக்கு வேண்டிய எர்கோஸ்டிராலைத் தயாரிப்பதைத் தடுத்து வேலை செய்கிறது. ஃபைட்டோஃப்தோரா அதைத் தயாரிப்பதே இல்லை, தடுப்பதற்கு ஒன்றுமில்லை. கிழங்குக்குக் கேட்கும் மெட்டலாக்ஸில் கொப்புளத்துக்குக் கேட்காது. தாமிரம் கலந்தவை இரண்டுக்கும் ஓரளவு பலன் தரும் என்பதால் பழைய தலைமுறைக்கு இந்தப் பேதம் உறைத்திருக்காது. புது மருந்துகளுக்கு வகைபாடு தெரிந்திருக்கிறது. அதை வாங்கி முதுகில் சுமந்து அடிப்பவருக்குச் சொல்லப்படவில்லை.

தமிழில் சொல்லலாம் என்றால் எந்தச் சொல்லில்? இந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் உள்ள பெயரைப் பெயர்த்தால் 'நீர்ப்பூஞ்சை' என்று வரும். வெளியே அனுப்பியதை மறுபடி பூஞ்சையின் வீட்டுக்குள்ளேயே கூட்டிவந்துவிடும். இலங்கைப் பாடநூல்கள் பூஞ்சையைப் பங்கசு என்று ஒலிபெயர்த்து வைத்திருக்கின்றன. பூஞ்சை, பூஞ்சாணம், பூசணம், பங்கசு என்று ஒரே பொருளுக்கு நாலு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஒன்றைக் கிழங்கின் எதிரிக்கென்று ஒதுக்கி எழுதிப் பார்த்தால், கடைக்காரரும் இரண்டு டப்பாவை இரண்டு தட்டில் வைக்க வேண்டிவரும்.