இடுப்பளவு இரும்பு

நியூயார்க் சுரங்க ரயில் 1904இல் ஓடத் தொடங்கியபோது ஐந்து சென்ட்டுக்குச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளே நுழையும் இடத்தில் ஓர் ஊழியர் நிற்பார். அவர் முன்னாலிருந்த பெட்டியில் சீட்டைப் போட்டால் அது நறுக்கிவிடும். அந்த ஊழியரின் முகத்தில் தயவும் இருக்கலாம், நிறவெறியும் இருக்கலாம். ஆனால் தகராறு பண்ணவாவது எதிரே ஒரு ஆள் இருந்தான். 1920களில் நாணயம் விழுந்தால் சுழலும் தடுப்பு வந்து அவனை அப்புறப்படுத்தியது. டர்ன்ஸ்டைல் என்கிறார்களே, அதுதான். (சுழல்தடுப்பு என்று வைத்துக்கொள்வோம்.) அது கூலி கேட்காது, சங்கம் சேராது. 1916இல் மெம்ஃபிஸ் நகரில் வாங்குபவரே பொருளை எடுத்துக்கொள்ளும் பிக்லி விக்லி கடை திறந்தபோதும் வாசலில் இதே சாதனம்தான் நின்றது. இது தற்செயல் அல்ல.

ஐந்து சென்ட் கட்டணம் 1948வரை நீடித்து, பிறகு பத்தானது. 1953இல் பதினைந்து. பதினைந்து சென்ட்டுக்கு ஒற்றை நாணயம் கிடையாது. எந்திரத்துக்கோ ஒரே வாய். ஆகவே நகரமே தனியாக வில்லை அடித்துக்கொண்டது; 2003வரை அது செல்லுபடியானது. மனுஷன் எந்திரத்துக்கு ஒத்துப்போவது இருக்கட்டும், பணமே ஒத்துப்போன கதை இது.

பிறகு அட்டை வந்தது. 1990இல் டெலூஸ் எழுதிய கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய சிறு கட்டுரையில் கத்தாரி கற்பனை செய்த ஒரு நகரம் வருகிறது. அங்கே வீட்டை, தெருவை, பேட்டையை விட்டு வெளியேற ஆளுக்கொரு மின்னணு அட்டை. இன்று திறக்கும், நாளை திறக்காமலும் போகும். இதில் தடுப்பு முக்கியமில்லை, ஆளின் இருப்பிடத்தைப் பின்தொடரும் கணினியே முக்கியம் என்கிறார் டெலூஸ். இன்று அலுவலகக் கட்டிடங்களில் வேலை போன சேதியை அட்டை முந்திக்கொண்டு சொல்லும்போது அவர் சொன்னது சரிதான் என்று படுகிறது.

ஆனாலும் இரும்பை அவ்வளவு சுலபமாகக் கைகழுவ முடியாது. அதே 1990இல் நியூயார்க் ரயில் காவல்துறைக்குத் தலைவரான வில்லியம் பிராட்டன், தாண்டிக் குதிப்பவர்களை வேட்டையாடக் கிளம்பினார். பிடிபட்டவர்களை விலங்கிட்டு, வரிசையாகக் கோத்து, எல்லோரும் பார்க்க நடைமேடையில் நிறுத்தினார்கள். ஃபூக்கோ பழங்கதையாக்கிய தண்டனைக் காட்சி மறுபடி அரங்கேறியது. இந்த வலையில் அதிகம் விழுந்தவர்கள் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். 2024 செப்டம்பரில் புரூக்ளினின் சட்டர் அவென்யூ நிலையத்தில், 2.90 டாலர் கட்டாமல் நுழைந்தவரைத் துரத்திய போலீஸ் சுட்டதில் நான்கு பேர் மேல் குண்டு பாய்ந்தது. அதில் இருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். ஒரு போலீஸ்காரரும் உண்டு. அட்டை யுகத்திலும் உடம்புதான் வாங்கிக்கொள்கிறது.

சாந்தியாகோ பிள்ளைகளுக்கு இது புரிந்திருந்தது. 2019 அக்டோபரில் சிலியின் தலைநகரில் நெரிசல் நேர மெட்ரோ கட்டணம் 800 பெசோவிலிருந்து 830 ஆனது. விடிகாலையில் எழுந்து வந்தால் குறைந்த கட்டணத்தில் போகலாமே என்றார் பொருளாதார அமைச்சர். மாணவர் கட்டணம் ஏறவே இல்லை. அப்படியும் குதித்தவர்கள் பள்ளி மாணவர்கள்தான். தாங்கள் குதித்ததோடு விடவில்லை. கதவுகளைத் திறந்து பிடித்துக்கொண்டு மற்றவர்களையும் உள்ளே விட்டார்கள். முப்பது பெசோ அல்ல, முப்பது வருஷம் என்று கோஷம் எழுந்தது. சர்வாதிகாரம் போய் ஜனநாயகம் வந்ததாகச் சொல்லப்பட்ட 1990இலிருந்து எண்ணிய கணக்கு அது. 18ஆம் தேதி மெட்ரோ முழுக்க மூடப்பட்டது, நிலையங்கள் எரிந்தன, அவசரநிலை வந்தது. மறுநாளே கட்டண உயர்வு நிறுத்தப்பட்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஓராண்டு கழித்து, புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்று 78 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். எழுதி வந்த வரைவுகள் 2022இலும் 2023இலும் வாக்கெடுப்பில் தோற்றன. பினோசே காலத்து 1980ஆம் ஆண்டுச் சட்டமே, திருத்தங்களோடு, இன்னும் அங்கே நடப்பில் இருக்கிறது.