தரங்கம்பாடி அச்சுக்கூடம்

தரங்கம்பாடி அச்சுக்கூடம் என்பது, சோழமண்டலக் கரையில் டேனியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தரங்கம்பாடி என்னும் சிறு துறைமுகத்தில், ஜெர்மனி தேசத்திலிருந்து வந்து தங்கிய லுத்தரன் சமய ஊழியர்களால் 1712ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, அடுத்த ஊராகிய பொறையாற்றில் எழுத்து வார்க்கும் சாலையையும் காகித ஆலையையும் துணையாகக் கொண்டு வளர்ந்த தொழிற்கூடமாகும். தமிழ் அச்சின் சரித்திரத்தில் இது முதலாவதன்று. ஆயினும், அச்சுக்கு வேண்டிய எழுத்து, மை, காகிதம் ஆகிய யாவற்றையும் நம் நாட்டு மண்ணிலேயே ஆக்கிக்கொள்ள முயன்றது என்பதே இதன் தனிச்சிறப்பு.

இதற்கு ஏறத்தாழ 135 ஆண்டுகளுக்கு முன்பே, 1578இல், அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்துகளால் அச்சேறியது. 1586இல் ‘அடியார் வரலாறு’ வெளிவந்த பின்னர் அவ்வூக்கம் தளர்ந்தது. 1679இல் அம்பலக்காட்டில், மரத்தில் செதுக்கிய எழுத்துகளைக் கொண்டு ஒரு தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சிடப்பட்டதேனும், அதுவும் தொடர்ந்த முயற்சியாக நிலைபெறவில்லை.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகத் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிக்கொண்ட டேனியர், அங்கு வாணிபத்தையே கருத்தாகக் கொண்டிருந்தனர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பியதன்பேரில், சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்சில் 1682இல் பிறந்த பார்த்தொலொமேயு சீகன்பால்கும், அவருடைய துணைவர் ஐன்றிக் புளுட்சோவும் 1706 ஜூலை 9ஆம் தேதி அத்துறைமுகத்தை வந்தடைந்தனர். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற சீகன்பால்கு, ஆட்சியாளரின் பகைமையால் சில மாதங்கள் சிறையில் இருக்க நேர்ந்தும் தளராது, 1708இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். ஓலையில் எழுத்தாணி கொண்டு பிரதி எடுப்போருக்குக் கூலி கொடுத்து மாளாது என்பதையும், ஒரு பிரதி முடிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது என்பதையும் அனுபவத்தால் உணர்ந்தமையால், அச்சுப்பொறி வேண்டுமென்று ஐரோப்பாவிலிருந்த அன்பர்களுக்கு அவர் விண்ணப்பித்துக்கொண்டார்.

அவ்விண்ணப்பத்துக்கு இணங்கி, 1698இல் லண்டனில் நிறுவப்பெற்ற கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார், ஓர் அச்சுப்பொறியையும் ரோமன் எழுத்துகளையும் ஜோனாஸ் பிங்க் என்ற அச்சுத் தொழிலாளரோடு கப்பலேற்றினர். வழியில் ரியோ டி ஜனேரோவில் அக்கப்பல் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டுப் பின்னர் விடுபட்டது. சரக்கறையில் கிடந்த அச்சுப்பொறி தப்பியது. ஆனால் அதை இயக்க வந்த பிங்கோ, நன்னம்பிக்கை முனைக்கு அருகில் நோயுற்று இறந்தார். 1712இல் ஆளின்றி வந்துசேர்ந்த பொறியை, டேனியப் படையில் பணிபுரிந்த, அத்தொழிலை அறிந்த ஒரு போர்வீரரைக் கொண்டு இயக்கி, முதலில் போர்த்துக்கீசிய மொழி நூல்களை அச்சிட்டனர்.

தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில், இங்கிருந்து அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து வெட்டி வார்க்கப்பட்டன. தமிழ் ஒரு சொல்லும் அறியாத கைகள் அவ்வெழுத்துகளைச் செய்தன என்பது வியப்புக்குரியது. 1713இல் அச்சுத் தொழிலறிந்த ஆட்லர் சகோதரர்களோடு அவை தரங்கம்பாடி வந்துசேர, அவ்வாண்டிலேயே தமிழ்ப் பிரசுரம் தொடங்கிற்று. எனினும் அவ்வெழுத்துகள் அளவில் மிகப் பெரியன. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்குமாயின் நூல் பருத்துவிடும். காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய அருமையான பொருள். ஆகவே எழுத்தைச் சிறிதாக்குவது அழகு பற்றிய பிரச்சினையாக இராமல், அச்சுக்கூடத்தின் உயிர் பற்றிய பிரச்சினையாகவே ஆயிற்று.

இந்நெருக்கடியிலிருந்து பிறந்ததே பொறையாற்று வார்ப்படச்சாலை. வார்ப்பதற்கு வேண்டிய ஈயத்துக்கும் பஞ்சம் நேர்ந்தபோது, சங்கத்தார் அனுப்பியிருந்த செஷயர் பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கிப் பயன்படுத்தினர் என்ற செய்தி அச்சுச் சரித்திர நூல்களில் பிரசித்தமானது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் பெரிய எழுத்தில் அச்சாக, எஞ்சிய பகுதி 1715இல் புதிதாக வார்த்த சிறிய எழுத்தில் வெளிவந்தது. இவ்வாறு இருவகை எழுத்துகளைத் தாங்கி நிற்கும் அப்புதிய ஏற்பாடு, அக்கூடம் பட்ட சிரமத்துக்குத் தானே சாட்சியாக விளங்குகிறது. காகிதத்தையும் உள்ளூரிலேயே செய்துவிடலாம் என்ற எண்ணத்தோடு 1715, 1716ஆம் ஆண்டுகளில் பொறையாற்றில் காகித ஆலை அமைக்கப்பட்டது. மையும் அங்கேயே ஆக்கப்பட்டது. காகித ஆலை நெடுநாள் நிலைக்கவில்லை.

1719 பிப்ரவரி 23ஆம் தேதி, 36ஆம் வயதில் சீகன்பால்கு காலமானார். அவருக்கு உற்ற துணையாயிருந்த கிருண்ட்லரும் அடுத்த ஆண்டிலேயே மறைந்தார். அவர்களுக்குப் பின் வந்த பெஞ்சமின் ஷூல்ட்சேயின் காலத்தில் பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக அச்சாகி 1728இல் நிறைவுற்றது. சமயக் கொள்கையில் லுத்தரன் ஊழியர்களோடு கடுமையாக வாதிட்டவர் வீரமாமுனிவர். அவ்வாறிருந்தும், அவர் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது இதே தரங்கம்பாடி அச்சுக்கூடம். எதிர்க்கட்சியாரின் நூலாயினும் மொழி கற்பார்க்குப் பயன்படுமெனில் அச்சிடத் தகும் என்ற இந்தப் பெருந்தன்மை குறிப்பிடத்தக்கது.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி, சென்னை வேப்பேரியில் தங்கியிருந்த ஜெர்மானிய ஊழியர் பெப்ரிசியுசின் பொறுப்பில் விடப்பட்டது. அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் அங்கிருந்தே வெளிவந்தது. இவ்வாறு தமிழ் அச்சின் மையம் மெல்ல மெல்லச் சென்னையை நோக்கி நகர்ந்தது. 1835இல் அச்சுச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் நீங்கியதும், தமிழர் தாமே அச்சுக்கூடங்கள் வைத்து நடத்தலாயினர். ஏட்டில் கிடந்த இலக்கியங்கள் நூலுருப் பெற்றன. காலப்போக்கில் சிற்றூர்களிலும் அச்சுக்கூடங்கள் தோன்றின. அவ்வாறு பெருகிய நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தவர், செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார். அச்சேகரத்தைக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுச் சென்ற பின்னர், லைப்சிக் நகரத்து லுத்தரன் சங்கத்தார் அங்குச் சமயப்பணியை மேற்கொண்டனர். அவர்கள் மூலமாக அச்சுப்பணியும் தொடர்ந்தது. பெப்ரிசியுசின் அகராதியை அடிப்படையாகக் கொண்டு திருத்தி விரிக்கப்பட்ட பதிப்பு 1897இல் தரங்கம்பாடியிலிருந்தே வெளிவந்தது.

பெருந்திட்டமாகிய காகித ஆலை மறைந்தது. பாலாடைக்கட்டி மூடியின் ஈயத்தில் பிறந்த சிறு முயற்சி, தமிழ் எழுத்து நூலுக்கு ஏற்ற அளவில் அடங்கும் என்பதை மெய்ப்பித்தது. தமிழ் ஆராய்வோர் இன்றும் கையாளும் அவ்வகராதியின் 1972ஆம் ஆண்டுப் பதிப்பும், வெளியிட்ட இடமாகத் தரங்கம்பாடியின் பெயரையே தாங்கி நிற்கிறது.