தகட்டைத் தட்டத் தெரிந்த கை

பூந்தமல்லியிலிருந்து சென்ட்ரல் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில், பெரியமேடு அருகே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. ஓவியர்களையும் சிற்பிகளையும் உருவாக்கிய இடம் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் ஆரம்பித்ததும் அங்கேதான் என்பது அவ்வளவாகத் தெரியாது. நான் அந்தக் கதையைத் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு கார்.

ஆவடியில் என் நண்பர் ஒருவர் வீட்டு ஷெட்டிலேயே கார் கட்டுகிறார். அவருக்கு முன்மாதிரி லோட்டஸ் செவன். 1957ல் காலின் சாப்மன் இங்கிலாந்தில் கொண்டுவந்த வண்டி. அங்கே அப்போது முழுக் காராக வாங்கினால் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இருக்கவில்லை. அதனால் இரும்புக் குழாய் ஃபிரேம், அதன் மேல் அலுமினியத் தகடு என்று ரொம்ப எளிமையான அமைப்பு. 1996ல் ரான் சாம்பியன் என்கிற பள்ளி ஆசிரியர், இதே பாணியில் 250 பவுண்டுக்கு ஒரு கார் கட்டலாம் என்று புத்தகம் போட்டார். அதைப் பார்த்துப் பல நாடுகளில் ஷெட்டுக்கு ஷெட் கார் முளைத்தது.

அலுமினியம் எதற்கு? எடைதான். 0.8 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 6.3 கிலோ. அதைவிடத் தடிமனான 1.2 மி.மீ. அலுமினியத் தகடு சுமார் 3.2 கிலோதான்.

வெட்டுகிற வேலை இன்று சுலபம். கம்ப்யூட்டரில் வரைந்து ஃபைலை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அனுப்பினால் லேசரில் வெட்டித் தந்துவிடுவார்கள். பழைய கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியை அலுமினியம் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். இப்போது வந்திருக்கும் ஃபைபர் லேசரின் அலைநீளம் அதில் பத்தில் ஒரு பங்குதான். அதைத் தகடு கூடுதலாக உள்வாங்குகிறது.

மடிப்பதும் கணக்குதான். 2 மி.மீ. தகட்டை இரண்டு பக்கமும் 50 மி.மீ. வருகிற மாதிரி செங்கோணமாக மடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டியது 100 அல்ல. மடிப்பின் உள்வளைவு 2 மி.மீ. ஆரம் என்றால் சுமார் 96.5 மி.மீ. போதும், மடிப்பில் தகடு கொஞ்சம் நீளும். எங்களை மாதிரி ஆட்களுக்கு இது பிடித்த வேலை. ஒரு ஃபார்முலா, ஒரு எண்.

சிக்கல் காரின் மூக்கில் ஆரம்பிக்கிறது. ஒரு பேப்பரை வைத்துக் கடலைப் பொட்டலம் மடிக்கலாம். அதே பேப்பரைத் தேங்காய் மேல் சுருக்கமில்லாமல் போர்த்த முடியாது. பக்கவாட்டுப் பானல் பொட்டலம் மாதிரி, ஒரு திசையில் மட்டும் வளைகிறது. மூக்கும் மட்கார்டும் தேங்காய் மாதிரி, இரண்டு திசையில் வளைகின்றன. தகடு ஒரு இடத்தில் விரிய வேண்டும், இன்னொரு இடத்தில் சுருங்க வேண்டும். லோட்டஸே 1960ல் இரண்டாவது சீரிஸ் கொண்டுவந்தபோது இந்தப் பாகங்களை ஃபைபருக்கு மாற்றிவிட்டது.

நண்பருக்கு அலுமினியம்தான் வேண்டும். கொரட்டூர் பக்கம் வயதான ஒரு டிங்கர் ஒப்புக்கொண்டார். தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டினது வரைக்கும் சரி சார். இனிமே தகடு சொல்றதைத்தான் நாம கேக்கணும்," என்றார்.

தகடு நிஜமாகவே சொல்கிறது. மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் அடிக்க அடிக்க அலுமினியம் இறுகும், சத்தம் மந்தத்திலிருந்து கணீரென்று மாறும். அதற்கு மேல் அடித்தால் கிழியும். சூடுகாட்டி இளக்க வேண்டும். ஆனால் இரும்பு மாதிரி அது சிவந்து காட்டாது, 660 டிகிரியில் திடீரென்று உருகிவிடும். அதனால் பார் சோப்பைத் தேய்த்துவிட்டு கேஸ் தீயைக் காட்டுவார்கள். சோப்பு கறுத்தால் தகடு இளகிவிட்டது, தீயை எடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் கவின்கலைக் கல்லூரி வருகிறது. அலுமினியத்தை மின்சாரத்தால் மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு 12 வருஷம் கழித்து, 1898ல், ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அதைக் கையில் எடுத்தார். அவர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் (கல்லூரி அப்போது சேப்பாக்கத்தில் இருந்தது; கிண்டிக்குப் போனது 1920ல்). கூடவே கலைத்தொழில் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கன்னார்களின் கைக்குப் புது உலோகத்தைக் கொடுத்துப் பார்த்தார். பாத்திரம் விற்றது. ஏர்ட்லி நார்ட்டன் என்ற பிரபல பாரிஸ்டர் 1900ல் இந்தியன் அலுமினியம் கம்பெனியைத் தொடங்கினார் (பிற்காலத்து இண்டாலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). 1903ல் பள்ளியின் அலுமினியப் பிரிவு அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

அதே 1903ல் சென்னையில் இன்னொன்றும் நடந்தது. 1840லிருந்து கோச்சு வண்டி கட்டிவந்த சிம்ப்சன் கம்பெனியில், சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் கார் கட்டி ஓட்டினார். ஆக, அலுமினியம் தட்டுவதும் கார் கட்டுவதும் நம் ஊருக்கு இறக்குமதிச் சரக்காக மட்டும் வரவில்லை. இரண்டுக்கும் ஏற்கெனவே இங்கே தொழில் தெரிந்த கை இருந்தது.

அந்தக் கைக்கு அடுத்த தலைமுறையில் வேலை கொடுத்தது சோழவரம். ரெட்ஹில்ஸ் தாண்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாகி அங்கே பந்தயங்கள் நடத்தியது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி கார்களின் பாகங்களைப் பிரித்து, பந்தயத்துக்கென்று சொந்தமாக வண்டி கட்டியவர்கள் உண்டு. இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990ல் வந்தபிறகு சோழவரம் அடங்கிவிட்டது.

இன்றைக்கு நிலைமை வேறு. மோட்டார் வாகன விதி 126ன்படி எந்தப் புது மாடலும் சோதனை ஏஜென்சியில் பாஸாக வேண்டும். ஒரே ஒரு கார் கட்டுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது, ஆகவே நண்பரின் கார் டிராக்கோடு சரி. டிங்கருக்கும் தட்டி உருவாக்கும் வேலை அநேகமாக இல்லை. கதவு நசுங்கினால் இன்சூரன்ஸில் புதுக் கதவு வருகிறது. கழற்றி மாட்டுவதுதான் வேலை. கொரட்டூர்க்காரரின் மகன் டெலிவரி வேலைக்குப் போகிறார். "அவனுக்கு இது தேவையில்ல சார்," என்று அவர் வருத்தமில்லாமல்தான் சொன்னார்.

சாட்டர்டனின் பரிசோதனை எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். பழைய வேலை குறையும்போது அவர் கைவினைஞரைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. அதே சுத்திக்குப் புது உலோகம் தேடினார். அம்பத்தூரைச் சுற்றி இன்று லேசர் இருக்கிறது, பிரஸ் இருக்கிறது, பொறியியல் கல்லூரிகளில் ரேஸ் கார் கட்டும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த மாணவர்களில் இரண்டு பேர் ஒரு செமஸ்டர் விடுமுறையில் இப்படி ஒரு பட்டறையில் உட்கார்ந்து, சோப்பு எப்போது கறுக்கிறது, சத்தம் எப்போது மாறுகிறது என்று பழகினால் போதும். அவருக்கு இன்னும் கை நடுங்கவில்லை.