மெழுகுப்பூங்கொடியின் வரலாறு

திருவனந்தபுரத்தில் வீட்டு முகப்புகளில் ஹோயா என்னும் கொடியைத் தொங்குதொட்டியிலிட்டு வளர்ப்போர் உளர். தடித்த இலையும், மெழுகில் வார்த்தாற்போன்ற விண்மீன் வடிவப் பூங்கொத்தும் உடைய அதனை அயல்நாட்டுச் செடியென்றே பலரும் எண்ணுவர். ஆயினும், அதன் வரலாற்றில் நம் மலைகளுக்கும் பங்குண்டு.

கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய வைத்தியர்களின் துணைகொண்டு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் திருவனந்தபுரத்தில் வெளியிட்டது. அந்நூல் காட்டும் வட்டக்காக்கக்கொடியை ஸ்காட்லாந்துப் புலவர் இராபர்ட் பிரவுன் ஹோயா இனத்தில் சேர்த்தார்; பின்வந்தோர் அதனை வேறு இனமெனப் பிரித்தனர். ஹோயா என்ற பெயரை 1810-இல் இட்டவரும் பிரவுனே. நார்தம்பர்லாந்துப் பிரபுவின் தோட்டக்காரரான தாமஸ் ஹோய் என்பாரின் நினைவாக அப்பெயர் அமைந்தது.

நம் மலைகளுக்கே உரிய வகைகளை ஆராய்ந்தவர் சென்னை அரசின் மருத்துவராயிருந்த இராபர்ட் வைட். அவருடைய நூல்களுக்குச் செடிகளைத் தீட்டித் தந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். 1834-இல் ஹோயா ஓவாலிபோலியா என்னும் வகையை வைட், ஆர்னட் இருவரும் விளக்கினர். 1883-இல் ஹூக்கர் மற்றொரு வகைக்கு வைட்டின் பெயரையே சூட்டினார்.

இக்கொடி காட்டில் வாழும் முறையே வளர்ப்போருக்கு வழிகாட்டி. அது மரத்தைப் பற்றிப் படரும். மரத்தின் சாற்றை உறிஞ்சாது. மழைநீர் அதன் வேரை நனைத்து உடனே வடிந்துவிடும். ஆகவே, களிமண்ணைத் தவிர்த்துத் தேங்காய்நார்த் துண்டு, அடுப்புக்கரி, பருமணல் ஆகியவற்றைக் கலந்து இடுக. தடித்த இலையுடைய கார்னோசா, கெர்ரி வகைகளுக்குத் தொட்டி நன்கு உலர்ந்த பின்னரே நீர் வார்க்கவும். மெல்லிய இலையுடைய பெல்லா அத்துணை வறட்சியைத் தாங்காது. இரு பருவமழையும் பெறும் திருவனந்தபுரத்தில் மழைநாளில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் வைக்க வேண்டும். டில்லியிலோ கோடையின் அனல்காற்றுப் படாமல் காக்க வேண்டும். புதிதாக வளர்ப்போர் பரிவு மிகுந்து நாள்தோறும் நீர் ஊற்றி வேரை அழுகச் செய்வதே பெரும்பாலும் நிகழ்வது.

இறுதியாக ஒன்று: பூ உதிர்ந்ததும் வெறுமையாய் நிற்கும் காம்பைக் கிள்ளி எறியாதீர்கள். அடுத்த பருவத்தில் அக்காம்பிலேயே புதிய மொட்டுகள் தோன்றும்.