சுராவுமி மீன்காட்சியகம்

ஜப்பானின் ஒகினாவா தீவில், மொதோபு கடற்கரையில் உள்ள பெரிய மீன்காட்சியகம். ஒகினாவா மொழியில் ‘சுரா’ என்றால் அழகு, ‘உமி’ என்றால் கடல். 1975-இல் கடல்சார் உலகக் கண்காட்சி நடந்த இடத்தில், 2002 நவம்பரில் திறக்கப்பட்டது. நாஹா நகரிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்.

நுழைவாயில் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. பார்வையாளர்கள் ஆழத்துக்குப் போவதுபோல் கீழே இறங்கிச் செல்வார்கள். தொடக்கத்தில் உள்ள பவளத் தொட்டி, கூரையின்றி வெயில் படும்படி அமைந்தது.

எல்லோரும் தேடி வருவது ‘குரோஷியோ’ தொட்டியை. 7,500 கனமீட்டர் நீர், முன்புறம் 22.5 மீட்டர் அகலமும் 8.2 மீட்டர் உயரமும் கொண்ட அக்ரிலிக் பலகை. அதன் தடிமன் 60 செ.மீ., அதாவது ஒரு முழத்துக்கும் மேல். உள்ளே திமிங்கிலச் சுறாவும் கொம்புத் திருக்கைகளும் நீந்துகின்றன. இரை போடும் வேளையில் போவது நல்லது: திமிங்கிலச் சுறா செங்குத்தாக நிமிர்ந்து, வாயை அகலத் திறந்து, நீரோடு இரையை உறிஞ்சும். காட்சியகத்தில் கொம்புத் திருக்கை குட்டி ஈன்றது உலகிலேயே முதன்முறையாக இங்குதான், 2007-இல். வெளியே டால்பின் காட்சிக்குக் கட்டணம் இல்லை.