பால்மரமும் பந்தயச் சக்கரமும்

காடுமேடுகளில் ஐந்தாறு மணி நேரம் ஓடும் மலை மிதிவண்டி நெடுந்தூரப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த எந்த வீரரும் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வது டயரைப் பற்றித்தான். மெல்லிய டயர் வேகம் தரும். கூரிய கல் பட்டால் கிழியும். தடித்த டயர் தாங்கும். ஏற்றத்தில் காலை வாங்கும். எதைக் கொள்வது, எதை விடுவது? இந்தக் கேள்வி மலை மிதிவண்டி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பிறந்துவிட்டது.

பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். (இதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் 1845இலேயே உரிமை பெற்றிருந்ததால் டன்லப்பின் உரிமை பின்னர் செல்லாமற் போனது வேறு கதை.) 1889 மே மாதம் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்தக் குண்டு டயரோடு பெல்ஃபாஸ்டில் பந்தயங்களை வென்ற பிறகு, கெட்டி ரப்பர் சக்கரத்தை யார் விரும்புவார்கள்?

ஆனால் அந்த டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் பிரித்து, ஒட்டி, காய வைக்க இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும். பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள் 1891இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை, அந்த டயரில் ஓட்டிய சார்லஸ் டெரோன் 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். மறு ஆண்டு மிஷ்லின் நடத்திய பந்தயத்தில் பாதையிலேயே ஆணிகளைப் போட்டு வைத்தார்களாம். பஞ்சரை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்யலாம் என்று காட்டத்தான்! வியாபாரிக்குத் துணிச்சல் சற்று அதிகம்தான்.

இத்தனை டயருக்கும் ரப்பர் எங்கிருந்து கிடைத்தது? தொடக்கத்தில் பிரேசில் காடுகளிலிருந்து. டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் பூமலைக்கு, அதாவது தாவரவியல் தோட்டத்துக்கு, இயக்குநராக வந்தார். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த 22 கன்றுகளின் வழி வளர்ந்த மரங்களில், மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை அவர் கண்டறிந்தார். ரப்பர் நடுங்கள் என்று ஓயாமல் சொன்னதால் அவருக்குக் கிடைத்த பெயர் 'பைத்தியக்கார ரிட்லி'. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் துணிந்து நட்டார். பிறகு மோட்டார் வாகனமும் வந்தது, தோட்டங்கள் பெருகின. விடியுமுன் எழுந்து, உளியும் வாளியுமாக நிரைக்குப் போன தமிழர்களின் பெயரோ டயரின் வரலாற்றில் எங்கும் இல்லை.

மலை மிதிவண்டிப் பந்தயம் பிறந்தது அமெரிக்காவில். 1976 அக்டோபர் 21ஆம் நாள் கலிஃபோர்னியாவின் மரின் மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் வண்டிகளை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். அந்த வண்டிகளில் இருந்தவை 1933இல் ஷ்வின் அறிமுகம் செய்த வகையைச் சேர்ந்த, இரண்டு அங்குலத்துக்கும் மேற்பட்ட அகல டயர்கள். அதிர்வைத் தாங்க வேறு சாதனம் இல்லாத காலத்தில் காற்றுதான் மெத்தை. பிறகு பந்தயம் நீண்டது. கொலராடோவின் லெட்வில்லில் 1994 முதல் 100 மைல். 2003இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் முதல் உலக நெடுந்தூர வெற்றியாளர் போட்டி. 2004 முதல் தென்னாப்பிரிக்காவில் எட்டு நாள் ஓடும் கேப் எபிக்.

வேகம் வேண்டுமென்று வீரர்கள் நெடுங்காலம் குறுகிய டயரில் காற்றை இறுக அடைத்தார்கள். கரடுமுரடான தரையில் அது தப்புக்கணக்கு. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளி வேகத்தை இழக்கிறது. அகன்ற டயர் காற்றுக் குறைவாக இருந்தால் கல்லை விழுங்கிக்கொண்டு உருள்கிறது. ஆனால் டியூப் இருந்தவரை காற்றைக் குறைக்கப் பயம்: கல்லில் மோதியதும் சக்கர விளிம்பு டியூப்பைக் கடித்து இரட்டை ஓட்டை போடும். 'பாம்புக் கடி' என்பார்கள். 1999இல் மாவிக், ஹட்சின்சன், மிஷ்லின் நிறுவனங்கள் கொண்டுவந்த டியூப் இல்லாத டயர் அந்தப் பயத்தைப் போக்கியது. இன்று பலர் முன்சக்கரத்துக்குப் பிடிப்பு மிக்க டயரும், பின்சக்கரத்துக்கு இலகுவாக உருளும் டயரும் மாட்டுகிறார்கள்.

முள் குத்தினால்? டயருக்குள் முன்கூட்டியே ஒரு திரவம் ஊற்றி வைக்கிறார்கள். அவற்றில் பல ரப்பர் பாலால் ஆனவை. காற்று வெளியேறும் ஓட்டையில் பால் உறைந்து அடைத்துக்கொள்கிறது; வெட்டுப்பட்ட பால்மரம் தன் காயத்தை மூடிக்கொள்வதும் இப்படித்தான். சில புட்டிகளைத் திறந்தால் அமோனியா வாடை வீசும். தோட்டத்தில் பால் உறையாமலிருக்கக் கலந்த அதே அமோனியா. சில மாதங்களில் அந்தப் பால் டயருக்குள்ளேயே காய்ந்துவிடும், வெயில் மிகுந்த நாடுகளில் இன்னும் சீக்கிரமாக. அதனால் பந்தயத்துக்கு முன்தினம் சக்கரத்தைக் காதருகே குலுக்கி, உள்ளே பால் தளும்புகிறதா என்று கேட்டுப் பார்க்கிறார்கள்.